பத்து ஆம்பியர் என்று ஸ்டிக்கர் ஒட்டினால் ஆகிவிடுமா?

12 வோல்ட், 10 ஆம்பியர். வாங்கிய பவர் சப்ளைப் பெட்டியின் மேல் (சுவர் கரண்ட்டை டி.சி.யாக மாற்றித் தருவது) கொட்டை எழுத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. சென்னை பாரிஸ் கார்னரில் ஏ.சி. போட்ட கடை, கண்ணாடிக் கதவு, கம்ப்யூட்டர் பில். பில்லின் அடியில் மட்டும் பொடி எழுத்தில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது'. நான் இருக்கும் டொராண்டோவில் டப்பாவைப் பிரித்து ஒரு வாரம் ஆன சாமானைக் கூட முகம் சுளிக்காமல் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். இங்கே கடையின் படியிறங்கும்போதே அது நம் தலையெழுத்து.

விஷயம் இதுதான். அக்கா பையனுக்கு ரிமோட் கார் பைத்தியம். அவனுக்காக 3 செல், 5000 எம்.ஏ.எச். லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி ஒன்றைக் கைப்பையில் வைத்துக் கொண்டுவந்தேன். 55 வாட் ஹவர்தான், விமானத்தில் 100 வரை விடுவார்கள். கூடவே என் பேலன்ஸ் சார்ஜர், எல்லா செல்லையும் சமமாக ஏற்றும் ரகம். அது நேராகச் சுவரில் செருகும் ரகம் இல்லை, 11 முதல் 18 வோல்ட் டி.சி. கொடுக்க வேண்டும். டொராண்டோவில் நான் வைத்திருக்கும் பவர் சப்ளை அந்த ஊர் 120 வோல்ட்டுக்கு மட்டுமானது, இங்கே ஆகாது. வண்ணாரப்பேட்டைக்குப் பத்து நிமிஷ தூரத்தில் கிடைக்காத சப்ளையா என்று விட்டுவிட்டு வந்தேன்.

கணக்கு எளிது. 5 ஆம்பியரில் ஏற்றினால் கடைசிக் கட்டத்தில் 12.6 வோல்ட், அதாவது 63 வாட். சார்ஜரின் சேதாரத்தையும் சேர்த்தால் 75. இந்தப் பெட்டி சொல்வதோ 120. ஆனால் மூன்று ஆம்பியரைத் தாண்டியதும் சார்ஜர் கீச்சிட்டு 'டி.சி. இன் டூ லோ' (உள்ளே வரும் வோல்ட் போதாது) என்று காட்டி நின்றுவிடும். மறுபடி ஆரம்பித்தால் மறுபடி கீச். கடைக்காரர் போனிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டார்: "ஃபாரின் சார்ஜர் சார், நம்ம கரண்ட்டுக்கு ஒத்துக்காது." டி.சி.யில் ஏதய்யா ஃபாரினும் உள்ளூரும்!

மிண்ட் பக்கம் ஒரு சந்தில் பாய் கடை இருக்கிறது. மூர் மார்க்கெட் 1985இல் எரிவதற்கு முன்பே அங்கே ரேடியோ பாகம் பொறுக்கியவர். என் அப்பாவின் டிரான்சிஸ்டருக்கு அவரிடம்தான் உயிர் வரும். இப்போதும் அதே ஆறடிக் கடை, அதே 'நாளைக்கு வா தம்பி'. நாளைக்குப் போனால் வெள்ளிக்கிழமை, தொழுகைக்குப் பூட்டியிருந்தது. அதற்கடுத்த நாள் கடை திறந்திருந்தது, பாய் இல்லை. டொராண்டோவில் அப்பாயின்ட்மென்ட் வாங்கி வாங்கிப் பழகிய உடம்பு கொதித்தது.

ஆள் கிடைத்ததும் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஆட்டோ ஹெட்லைட் பல்பு மூன்றை எடுத்தார், ஒவ்வொன்றும் 35 வாட். முதல் பல்பைப் பெட்டியில் மாட்டினார், மீட்டரில் 12 நின்றது. இரண்டாவதை மாட்டியதும் 11.3. மூன்றாவதுக்கு 10.4, பல்புகள் மூன்றும் மஞ்சளடித்தன. மூடியைக் கழற்றி, சுண்டு விரல் கனம்கூட இல்லாத டிரான்ஸ்ஃபார்மரைக் காட்டினார். "இன்னா தம்பி, ஸ்டிக்கர் ஒட்றதுக்குக் காசா பணமா?"

பிறகு குவியலிலிருந்து பழைய கம்ப்யூட்டர் எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை, அதாவது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பவர் சப்ளையை, இழுத்தார். பச்சை ஒயரையும் கறுப்பையும் முறுக்கிவிட்டதும் ஃபேன் சுற்றியது. மஞ்சள் ஒயர்தான் 12 வோல்ட். ஒற்றை மஞ்சள் சூடாகும் என்று நாலைந்தைச் சேர்த்து ஈயம் வைத்தார். கூடவே சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே ஒரு ஹெட்லைட் பல்பைப் பற்றவைத்தார். அது 5 வோல்ட் லைன். அதில் சுமை இல்லாவிட்டால் இந்தப் பழைய ரகங்களில் 12 இறங்கிப்போகும். பல்பு மங்கலாக எரிய, சார்ஜர் 5 ஆம்பியரை முனகாமல் இழுத்தது.

அதோடு விட்டிருக்கலாம். கூட வந்திருந்த பையன் தன் மஞ்சள் மல்டிமீட்டரை எடுத்து, "மாமா, சார்ஜர் 4.20னு காட்டுது, செல்லுல 4.31 இருக்கு" என்றான். லிப்போவுக்கு 4.20தான் உச்சம், தாண்டினால் உப்பும், பற்றியும் எரியும். நான் சார்ஜரைப் பிடுங்கப் போனேன். பாய் கையமர்த்திவிட்டு அந்த மீட்டரின் முதுகைத் திறந்து உள்ளே இருந்த 9 வோல்ட் பேட்டரியை மாற்றினார். அதே செல், இப்போது 4.24! பேட்டரி இளைத்தால் இந்த மலிவு மீட்டர்கள் கூட்டிக் காட்டும். கடைசியில் தன் ஃப்ளூக் கம்பெனி மீட்டரைத் துணியிலிருந்து பிரித்துப் பார்த்தார்: 4.23.

ஆக சார்ஜரிலும் பிழை இருந்தது, ஆனால் 0.03தான். இந்த ரக நகல் சார்ஜர்கள் சிலவற்றில், இரண்டு பட்டனை அமுக்கிப் பிடித்தபடி கரண்ட் கொடுத்தால் அளவைத் திருத்தும் ஒரு மறைவு மெனு திறக்கும். அதைப் பையன் கண்டுபிடித்தான். பாய் ஒவ்வொரு செல்லின் முனையிலும் ஊசியை வைத்து எண்ணைச் சொல்ல, இவன் ஏற்றி இறக்கினான். மூன்று செல்லுக்கும் அரை மணி நேரம், நடுவில் டீ.

எல்லாவற்றுக்கும் சேர்த்து 400 ரூபாய், எஸ்.எம்.பி.எஸ். உட்பட. டொராண்டோவில் இந்தக் காசுக்கு யாரும் ஸ்க்ரூ டிரைவரைக் கூட எடுக்க மாட்டார்கள். 'புதுசு வாங்கிக்கோங்க' என்ற அறிவுரைதான் இலவசம். ரசீது கேட்டேன், பாய் சிரித்தார்.

கிளம்பும்போது ஒன்று சொன்னார். கரண்ட் இல்லாவிட்டால் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியிலேயே மாட்டலாம், இந்தச் சார்ஜர்கள் கார் பேட்டரிக்கென்றே செய்தவை, ஜன்னலை மட்டும் திறந்துவை என்று. அடுத்த வாரமே மாதாந்திரப் பராமரிப்பு, காலை 9 முதல் 2 வரை கரண்ட் கிடையாது. பையன் கிளிப்பை மாட்டினான். 12.5 வோல்ட், அசையவே இல்லை.

"நல்லா இருக்குதுடா உங்க ஆராய்ச்சி, ஃபேன் நின்னுச்சுன்னா மாமனுக்கும் மருமகனுக்கும் இன்னிக்கு சோறு கெடையாது" என்றாள் அக்கா, விசிறியைத் தேடிக்கொண்டே.