எலும்புக்கூடு மாடல் 85 செ.மீ, தசை பெயின்ட் பண்ணது: ஒரு வருஷம் டியூஷன்ல வச்சு பாத்துட்டு எழுதுறேன்

நான் வீட்டுல பதினொண்ணாவது, பன்னெண்டாவது பசங்களுக்கு விலங்கியல் டியூஷன் எடுக்குறேன். இடப்பெயர்ச்சி பாடம் வந்தா 206 எலும்புன்னு எல்லாரும் டக்குனு சொல்லிடுவாங்க, அச்சுச் சட்டகம் (தலை, முதுகு, மார்புக்கூடு) 80, இணையுறுப்புச் சட்டகம் (கை, கால், அதுங்களத் தாங்குற தோள், இடுப்பு) 126ன்னு பிரிச்சும் எழுதிடுவாங்க, ஆனா உன் கைய மடக்குற தசை எந்த எலும்புல இருந்து எந்த எலும்புக்குப் போகுதுன்னு கேட்டா ஒருத்தரும் வாய் திறக்க மாட்டாங்க. அது எனக்கு ரொம்ப நாள் உறுத்தலா இருந்துச்சு. அதனாலதான் போன வருஷம் ஆன்லைன்ல இந்த மாடல வாங்கினேன், 5,400 ரூபா ஆச்சு.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், வெறும் வெள்ளை எலும்பா விக்கிறத வாங்காதீங்க. கூட கொஞ்சம் காசு போனாலும் பெயின்ட் பண்ணதையே வாங்குங்க. இதுல இடது பக்க எலும்புங்கள்ல தசை ஆரம்பிக்கிற இடம் சிவப்பு, போய் ஒட்டுற இடம் நீலம்னு அடிச்சிருக்காங்க, வலது பக்கம் வெறுமனே இருக்கு. இந்த ரெண்டு கலருக்காகவே குடுத்த காசு தகும்.

டெய்லர் கடையில எலாஸ்டிக் நாடா ஒரு மீட்டர் வாங்கிட்டு வந்து கைய மடக்குற பைசெப்ஸ் தசையோட சிவப்புப் புள்ளியில இருந்து நீலப் புள்ளிக்கு இழுத்துக் கட்டுனோம். அப்பதான் பசங்க கவனிச்சாங்க, பைசெப்ஸ் மேற்கை எலும்பு மேலயே படுத்துக் கிடந்தாலும் அந்த எலும்புல அது ஒட்டவே இல்ல! தோள்பட்டை எலும்புல ரெண்டு இடத்துல ஆரம்பிச்சு, மேற்கையத் தாண்டி, முழங்கைக்குக் கீழ, முன்கையில கட்டைவிரல் பக்கம் இருக்குற ஆர எலும்புல போய் பிடிக்குது. "அப்ப நடுவுல இருக்குற எலும்பு சும்மாவா மிஸ்"னு ஒரு பொண்ணு கேட்டா, நல்ல கேள்வி, பைசெப்ஸுக்கு அடியில பிரேக்கியாலிஸ்னு இன்னொரு தசை இருக்கு, அதுதான் மேற்கை எலும்புல இருந்து கிளம்புது. நாடாவ விட்டா கை தொங்கிடும், திரும்ப நீட்டணும்னா பின்பக்கம் ட்ரைசெப்ஸ் இடத்துல இன்னொரு நாடா வேணும். தசைக்கு இழுக்க மட்டும்தான் தெரியும், தள்ளத் தெரியாது, அதனாலதான் எதிரும் புதிருமா ஜோடி ஜோடியா வேலை செய்யுதுன்னு நான் வாயால சொல்ல வேண்டிய அவசியமே வரல.

நெம்புகோல் கணக்கும் இதுலயே போட்டோம். நிஜக் கையில பைசெப்ஸ் பிடிக்கிற இடம் முழங்கை மூட்டுல இருந்து ஏறக்குறைய 5 செ.மீ, உள்ளங்கை 35 செ.மீ தள்ளி இருக்குன்னு வச்சுக்குங்க, கையில 5 கிலோ அரிசிப் பையத் தூக்கிப் பிடிச்சா தசை 35 கிலோ அளவுக்கு இழுக்கணும், முன்கையோட எடை இன்னும் தனி. அத்தனை நஷ்டம் எதுக்குன்னா, தசை கொஞ்சூண்டு சுருங்கினாலே கை நிறைய தூரம் போயிடும், வேகமும் கிடைக்கும்.

இப்ப குறைங்க. பெரிய குறை தோள்பட்டைதான். மாடல்ல அந்த எலும்ப விலா எலும்போட ஸ்க்ரூ போட்டு முடுக்கி வச்சிருக்காங்க. நிஜத்துல அது விலாவோட எந்த எலும்பு மூட்டாலயும் சேரல, கழுத்துக்குக் கீழ குறுக்கா இருக்குற காரை எலும்பு வழியா மார்பெலும்போட மட்டும்தான் எலும்புத் தொடர்பு, மத்தபடி தசைங்கதான் தாங்கிப் பிடிச்சிருக்கு. கைய தலைக்கு மேல 180 டிகிரி தூக்குறோம்ல, அதுல சுமார் 60 டிகிரி தோள்பட்டை எலும்பு முதுகு மேல சுழல்றதால வர்றது. மாடல்ல அது நகராது, அதப் பாத்துட்டு பசங்க தப்பா புரிஞ்சுக்குவாங்கன்னு எனக்கு வருத்தம்தான். பக்கத்துல இருக்குறவங்க முதுகுல கை வச்சுப் பாருங்கன்னு சொல்லித்தான் புரிய வைக்கிறேன். முன்கையில ரெண்டு எலும்பையும் சேத்து ஒட்டிட்டாங்க, உள்ளங்கையத் திருப்புறதயும் காட்ட முடியாது. ஸ்க்ரூ டிரைவரால வலது கையில ஸ்க்ரூ முடுக்கும்போது பைசெப்ஸத் தொட்டுப் பாருங்க, எப்படிப் புடைக்குதுன்னு தெரியும், அந்தத் திருப்பலும் அதோட வேலைதான். மணிக்கட்டுல இருந்து விரல் நுனி வரைக்கும் இருக்க வேண்டிய 27 எலும்பும் ஒரே அச்சு, விரல் மடங்காது.

"206 எலும்பும் உண்டு"ன்னு விக்கிறப்ப போட்டிருந்தாங்க, அது சரியில்ல. காதுக்குள்ள இருக்குற 6 குட்டி எலும்பு இல்ல, தொண்டையில இருக்குற ஹயாய்டும் இல்ல. டெலிவரி ஆனப்ப ஒரு முட்டி ஸ்க்ரூவும் கழண்டு கிடந்துச்சு, வீட்டுலயே போட்டுக்கிட்டோம்.

இடுப்புப் பக்கம் முதுகெலும்புங்களுக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்குற டிஸ்க்ல ஒண்ணு மட்டும் சிவப்பா பிதுங்கின மாதிரி வச்சிருக்காங்க, அது ரொம்ப நல்லா இருக்கு. ஒரு பையனோட அப்பா லோடு தூக்குறவர், டிஸ்க் பிரச்சனைல மூணு மாசம் வீட்டுல இருந்தாரு. அந்தப் பையன் அத விரலால தொட்டு, பக்கத்துல வர்ற நரம்பையும் பாத்துட்டு, "இதனாலதான் அவருக்கு கால் வரைக்கும் இழுக்குதா"ன்னு கேட்டான். அன்னிக்கு மிச்ச பாடத்த நிறுத்திட்டு அதப் பத்தியே பேசினோம்.

எலும்போட உள்பக்கத்துக்கு இது உதவாது, முழுக்க கெட்டி பிளாஸ்டிக். அதுக்கு கறிக்கடை பாய்கிட்ட சொல்லி நல்லி எலும்ப நெடுக்கா வெட்டி வாங்கிட்டு வாங்க, முனையில தேன்கூடு மாதிரி பஞ்சு எலும்பு, நடுவுல மஜ்ஜை, எல்லாம் தெளிவா தெரியும். தசை சுருங்குறத ரெண்டு சீப்ப பல்லோட பல்லு கோத்துக் காட்டுறேன், தசைக்குள்ள இருக்குற ஆக்டின், மயோசின்ங்கிற ரெண்டு புரத இழையும் நீளம் குறையாம ஒண்ணுக்குள்ள ஒண்ணு சறுக்குது, 1954ல கண்டு சொன்ன விஷயம். அந்த இழைங்க ஒண்ண ஒண்ணு பிடிச்ச பிடிய விடறதுக்கும் ஏடிபி (செல்லுக்கு சக்தி குடுக்குற மூலக்கூறு) வேணும், இறந்த உடம்பு விறைக்கிறது ஏடிபி தீர்ந்து போய்தான். விறைப்பு வர்றதுக்கு முன்னாடியே தாடையையும் கால் பெருவிரலையும் துணியால கட்டிடுறாங்களேன்னு சொன்னப்ப வகுப்பே அமைதியாயிடுச்சு.

அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுக்குறேன். பத்து பேர் வரைக்கும் சுத்தி உக்காந்து பாக்க 85 செ.மீ போதும். பிசியோதெரபி படிக்கிறவங்க இத வாங்காம, தோள்பட்டையும் கையும் தனித்தனியா அசையிற கை மாடல் ஒண்ணு தேடி வாங்கிக்கோங்க.