சுப்ரீம்ஸின் 'ஏ கோ-கோ': 1966-ல் வந்த ஆல்பம், இன்றும் கேட்கலாமா?

தாராளமாகக் கேட்கலாம், ஆனால் பன்னிரண்டு பாட்டையும் ஒரே மாதிரி எதிர்பார்க்காதீர்கள்.

பெண்கள் மட்டுமே உள்ள குழு ஒன்று அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் விற்பனைப் பட்டியலில் முதன்முதலாக முதலிடம் பிடித்தது இந்த ஆல்பத்தில்தான், 1966 அக்டோபரில், அதுவும் பீட்டில்ஸின் 'ரிவால்வர்' உட்கார்ந்திருந்த இடத்தை. கொரியப் பெண்கள் குழுவான பிளாக்பிங்க் 2022-ல் அதே பட்டியலில் முதலிடத்துக்கு வந்ததைக் கொண்டாடிய பிள்ளைகள் இதை ஒருமுறையாவது கேட்க வேண்டும் என்பது என் ஆசை.

சுப்ரீம்ஸ் என்றால் டயானா ராஸ், மேரி வில்சன், புளோரன்ஸ் பல்லார்ட்; மூவரும் டெட்ராய்ட்டின் அரசுக் குடியிருப்பில் வளர்ந்தவர்கள். 1961-ல் அந்த ஊர் இசைத்தட்டுக் கம்பெனியான மோட்டவுனில் சேர்ந்தும் பெரிய ஹிட் அமையாமல், 'ஹிட் இல்லாத சுப்ரீம்ஸ்' என்று கம்பெனிக்குள்ளேயே பட்டப்பெயர் வாங்கி, 1964-ல் ஹாலண்ட்-டோசியர்-ஹாலண்ட் என்ற பாடலாசிரியர் கூட்டணி எழுதிக் கொடுத்த பாட்டில்தான் மேலே வந்தார்கள். அதையும் சேர்த்து வரிசையாக ஐந்து சிங்கிள் (தனியாக வெளியிடும் பாட்டு) முதலிடம்.

அந்தக் கூட்டணி இவர்களுக்கென்றே எழுதிய இரண்டு சிங்கிள் இதில் இருக்கிறது, ஆல்பத்தின் உயிரே அவைதான். மூன்றாவதாக வரும் 'யூ கான்ட் ஹர்ரி லவ்' பாட்டை நல்ல ஹெட்போனில் கேளுங்கள். ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸ் கிட்டார் முதலில் தனியாகக் குதித்துக்கொண்டு வரும், தாம்பரின் சேரும், அதற்கு மேல் ராஸின் மெல்லிய குரல், பொறுத்திரு என்று அம்மா சொன்ன புத்திமதியைப் பாடிக்கொண்டே பொறுக்க முடியாமல் தவிக்கிற குரல், மூன்று நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். எத்தனை முறை கேட்டாலும் அந்த பேஸ் எனக்கு அலுக்கவில்லை.

மற்றவை பெரும்பாலும் அடுத்தவர் ஹிட்டுகள். ஃபோர் டாப்ஸ் பாட்டு மட்டும் மூன்று. 'கெட் ரெடி' சுமார்தான், டெம்ப்டேஷன்ஸ் பாடியதில் இருக்கும் வேகம் இதில் இல்லை. நான்சி சினாட்ராவின் பூட்ஸ் பாட்டு இவர்களுக்குப் பொருந்தவே இல்லை, தாண்டிப் போய்விடலாம். சிங்கிள் ஓடும்போதே ஆல்பத்தையும் கடைக்கு அனுப்பிவிட வேண்டும் என்ற அவசரம் இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்தில் நன்றாகவே தெரிகிறது.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது வேறு. குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர் புளோரன்ஸ், கனமான, ஆழமான குரல் அவருக்கு. இந்த ஆல்பத்தில் அவரும் மேரியும் ஏறக்குறைய முழுக்கப் பின்பாட்டுதான். மறுவருடமே புளோரன்ஸைக் குழுவிலிருந்து வெளியேற்றினார்கள், 1976-ல் 32 வயதில் இறந்துபோனார். மூன்று பேர் பாடுகிற குழு என்றால் மூன்று குரலும் கேட்க வேண்டாமா?

வாங்குவதாக இருந்தால் மோனோ பதிப்பைத் தேடுங்கள், அதாவது இடம் வலம் என்று பிரிக்காமல் எல்லா ஒலியும் ஒன்றாக வரும் பதிப்பு. கார் ரேடியோவிலும் சின்ன டிரான்சிஸ்டரிலும் எடுபட வேண்டும் என்றுதான் மோட்டவுனில் ஒலியைக் கலந்தார்கள், அந்த அடர்த்தி மோனோவில்தான் முழுசாக வருகிறது. ஸ்ட்ரீமிங்கில் என்றால் அந்த இரண்டு சிங்கிள், அதாவது முதல் பாட்டும் மூன்றாவது பாட்டும் முதலில், மீதி பிறகு.