கையா, ஸ்கேனா, ரத்தமா: மாட்டின் கொழுப்பை எதை வைத்துக் கணிப்பது?

செவ்வாய்க்கிழமை, வேலூர் அருகே பொய்கை மாட்டுச் சந்தையில் தரகர் மாட்டின் வாலடியை அமுக்கிப் பார்ப்பார், விலா மேல் விரல்களை ஓட்டுவார், அப்புறம் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவார். கொழுப்பு எவ்வளவு என்பதில் அவர் கணக்கு பெரும்பாலும் தப்பாது. என்ன கொழுப்பு என்று கேட்டால்தான் முழிப்பார்.

கேள்வி சின்னதில்லை. பேரணாம்பட்டுப் பக்கம் மாட்டுக்கறி பிரியாணியை ஆறவிட்டுச் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், தட்டோரத்தில் மெழுகு மாதிரி உறைந்து நிற்கும். ஸ்டியரிக், பால்மிட்டிக் என்ற கொழுப்பமிலங்களின் வேலை அது. தனி ஸ்டியரிக் அமிலம் உருகச் சுமார் 69 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஒலியிக் என்ற இன்னொரு கொழுப்பமிலத்துக்குப் பதின்மூன்று, பதினான்கே போதும். ஜப்பானிய வாக்யு மாட்டுக்கறி வாயில் கரைவதற்கு ஒலியிக் கூடுதலாக இருப்பதும் ஒரு காரணம்.

12, 13-ஆம் விலா எலும்புகளுக்கு நடுவே ஸ்கேன் வைத்தால் கொழுப்பின் தடிமன் தெரியும். அமில வகை தெரியாது. அதை விட்டுவிடலாம்.

ரத்தத்துக்கு வருவோம். கழுத்தில் கட்டைவிரலை அழுத்தினால் நாளம் கயிறு போலப் புடைக்கும். இரண்டு நிமிடத்தில் குழாய் நிறைந்துவிடும். அந்த ஒரே குழாயில் இரண்டு வேறு பரிசோதனைகள் இருக்கின்றன, பலர் குழப்பிக்கொள்வது இங்கேதான்.

ஒன்று, ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவில் கொழுப்பமிலங்களை அளப்பது. மாடு அண்மையில் தின்றதையும் பட்டினி கிடந்ததையும்தான் அது அதிகம் காட்டும். இரவெல்லாம் லாரியில் நின்று வந்த மாடு, சேமித்த கொழுப்பைக் கரைத்து ரத்தத்தில் விட்டிருக்கும். போதாததற்கு, பிளாஸ்மாவில் லினோலியிக் என்ற வேறொரு கொழுப்பமிலம் தூக்கல். சேமிப்புக் கொழுப்பிலோ அது சொற்பம். இதை நம்பி நான் காசு செலவழிக்க மாட்டேன்.

இன்னொன்று, வெள்ளணுக்களிலிருந்து மரபணு பார்ப்பது. ஸ்டியரிக்கை ஒலியிக்காக மாற்றும் நொதிக்கான எஸ்.சி.டி. மரபணுவின் வகை, கன்றிலேயே தெரிந்துவிடும், தீவனத்தால் மாறாது. ஆனால் இந்த ஒரு மரபணு சொல்வது கதையில் சிறு பங்குதான்.

துல்லியம் வேண்டுமென்றால் மரத்துப்போக ஊசி போட்டு, வாலடித் தோலுக்குக் கீழிருந்து துளி கொழுப்பை வெட்டியெடுத்துப் பகுப்பாய்வு செய்யலாம். எந்த மாட்டுக்காரர் சம்மதிப்பார்?

நம் பக்கம் கறிக்கு வருவது பெரும்பாலும் பால் வற்றிய பசுவும் உழைத்து ஓய்ந்த எருதும். ஒலியிக்குக்குக் கூடுதல் விலை தர ஆளில்லை. அதனால் வாங்குகிறவருக்குத் தரகர் கையே போதும். பொலிகாளை தேர்ந்தெடுப்பவருக்கு மட்டும் மரபணுப் பரிசோதனை பயன்படும். அதற்கும் ரத்தம்தான் வேண்டுமென்பதில்லை. வால் முடியைக் கொஞ்சம் வேரோடு பிடுங்கினாலே ஆகும்.