கால் மெஷினோடு ஆறு ஆண்டுகள்: தைத்ததில் போனதும் பிரித்ததில் மிஞ்சியதும்

2019 ஆவணியில், திருப்பரங்குன்றம் சாலையில் மூடப்படவிருந்த ஒரு தையல் கடையிலிருந்து, கறுப்பு உடலும் வார்ப்பிரும்புக் கால்களும் கொண்ட பழைய கால் மெஷின் ஒன்றை 3,200 ரூபாய்க்கு வாங்கி, லோடு ஆட்டோவில் ஏற்றி, வில்லாபுரத்திலுள்ள எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதற்கு முந்தைய தீபாவளிக்கு ஒரு கடையில் தைக்கக் கொடுத்த மூன்று ரவிக்கைகள் பண்டிகைக்கு முதல் நாள் இரவு பத்து மணிக்குக் கைக்கு வந்தன. அவற்றுள் இரண்டின் கைக்குழி, தலைவாரக் கையைத் தூக்க முடியாத அளவுக்குப் பிடித்தது. அந்த எரிச்சலில் எடுத்த முடிவு இது. கடையின் பெயர் இங்கே வேண்டாம். தீபாவளி நெருக்கத்தில் மதுரையில் எந்தத் தையல் கடையிலும் அது நடக்கக்கூடியதுதான்.

மெஷின் வந்த நாளிலிருந்து ஒரு பள்ளி நோட்டில் வரவு செலவு எழுதி வருகிறேன். நூல்கண்டு வாங்கியது, ஊசி உடைந்தது, கெட்டுப்போன துணி, தையல் கடைக்குக் கொடுக்காமல் தப்பித்த கூலி என எல்லாமே அதில் உண்டு. "சொந்தமாகத் தைத்துக்கொண்டால் எவ்வளவு மிஞ்சும்?" என்று கேட்கும் தோழிகளுக்கு அந்த நோட்டைப் புரட்டிக் காட்டித்தான் பதில் சொல்வது வழக்கம், பெரும்பாலோர் முதல் இரண்டு பக்கங்களிலேயே முகம் சுருங்கிவிடுகிறார்கள்.

ஏனெனில், புதுத் துணி எடுத்துப் புது உடை தைத்ததில் எனக்கு ஏறக்குறைய எதுவுமே மிஞ்சவில்லை. நான் தைத்த முதல் குர்த்தியின் கணக்கு இது: மீட்டர் 140 ரூபாய் வீதம் இரண்டரை மீட்டர் பருத்தித் துணி 350 ரூபாய், நூல், கழுத்துக்கான கேன்வாஸ், ஓரம் பிரியாதிருக்க அடிக்கும் ஓவர்லாக் தையலுக்கான கூலி எல்லாம் சேர்ந்து 60 ரூபாய், அதன்மேல் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள். அதே வாரத்தில் தெற்கு மாசி வீதியில் அதைவிட நேர்த்தியான ஆயத்தக் குர்த்தி 350 ரூபாய்க்குத் தொங்கிக்கொண்டிருந்தது. தொழிற்கூடத்தில் துணியை அடுக்கடுக்காக விரித்து ஒரே வெட்டில் பல உடைகளுக்கான பாகங்களை எடுக்கிறார்கள். துணியையும் மொத்த விலைக்கு வாங்குகிறார்கள். கடையில் சில்லறைக்கு வாங்கி, தரையில் விரித்து, கைக்கும் கழுத்துக்கும் இடையே கோணல் துண்டுகளை வீணாக்கும் நான் அந்த விலையோடு போட்டியிட முடியாது என்பது புரிய ஒரு வருடம் ஆனது.

இதற்கு விலக்கு ரவிக்கை மட்டும். அதற்கான துணி சேலையோடு ஒட்டியே வந்துவிடுகிறது. கடைக்காரருக்கு நாம் கொடுப்பது கூலி மட்டுமே. ஆகவே அந்தக் கூலி முழுவதும் மிச்சம். ஆனால் முதல் ஐந்து ரவிக்கைகளை வெளியில் போட்டுக்கொண்டு போக முடியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சரியாகப் பொருந்திய பழைய ரவிக்கை ஒன்றைத் தையல் பிரித்து, இஸ்திரி போட்டு, அதையே அளவாக வைத்துச் செய்தித்தாளில் வெட்டிக்கொண்ட பிறகுதான் ஆறாவது ரவிக்கை உருப்பட்டது. அந்தச் செய்தித்தாள் அச்சை இன்றும் பழைய காலண்டர் அட்டைக்குள் பத்திரப்படுத்தியிருக்கிறேன்.

அந்தப் பிரிப்புதான் எனக்கு வழியையும் காட்டியது. எங்கள் தெருமுனையில் பல்லாண்டுகளாகச் சட்டை தைத்துவரும் மாஸ்டர் ஒருவரிடம், கணவரின் காலர் கிழிந்த சட்டையைக் காட்டி, அதைப் பையாகத் தைத்துவிடலாமா என்று கேட்டேன். அவர் காலரைப் பின்புறமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சட்டை எங்க கெட்டுச்சு? காலர் ஒரு பக்கம்தானே தேஞ்சிருக்கு. திருப்பிப் போடுங்க" என்றார். நான் அங்கேயே பிரிக்கத் தொடங்கியபோது அவர் தடுத்துச் சொன்னது இன்றுவரை எனக்குப் பாடம்: "துணிய இழுக்காதீங்க டீச்சரம்மா. ஒரு பக்கத்து நூல மட்டும் நாலு தையலுக்கு ஒருக்கா அறுத்துவிடுங்க, அடுத்த பக்கத்து நூலு தானா உருவிக்கிட்டு வரும்."

காலர் திருப்புவது எளிமையான வேலை, ஆனால் பொறுமை வேண்டும். கழுத்தில் உரசி நைவது காலரின் மடிப்பு வரிதான். மடிப்புக்கு அடியிலுள்ள துணி புதிதுபோலவே இருக்கும். காலர், கழுத்துப் பட்டியின் இரண்டு அடுக்குகளுக்கு நடுவே செருகித் தைக்கப்பட்டிருக்கிறது. பட்டியின் மேல்தையலைப் பிரித்து, காலரை வெளியே எடுக்குமுன் காலரிலும் பட்டியிலும் நடுப்புள்ளியைச் சாக்குக் கட்டியால் குறித்துவிட வேண்டும். இதை மறந்ததால் ஒரு சட்டையில் காலரின் ஒரு முனை கால் அங்குலம் முன்னே வந்து, கணவர் எப்போதும் தலையைச் சாய்த்து நிற்பதுபோலத் தோன்றியது. எடுத்த காலரைத் தலைகீழாகத் திருப்பி, நைந்த பகுதி அடியில் போகும்படி அதே இடத்தில் செருகி, நடுவிலிருந்து இரு பக்கமும் ஊசி குத்திக்கொண்டு, பழைய தையல் துளைகளின் மேலேயே தைத்தால் வேலை முடிந்தது. காலர் முனையில் பட்டன் போடும் சட்டைகளுக்கு இது பொருந்தாது. பட்டன் நுழையும் துளையான காஜா தவறான பக்கம் வந்துவிடும். மற்றபடி, நைந்த இடத்தின் அடியில் ஒரு மெல்லிய துண்டை வைத்து முன்னும் பின்னுமாக ஓட்டித் தைத்துவிட்டால் சட்டை இன்னும் இரண்டு வருடம் தாங்குகிறது.

அடுத்தது பழைய சேலைகள். என் அம்மாவின் சுங்குடிச் சேலைகள் நான்கு, பரணில் கிடந்தன. மதுரையில் குடியேறிய சௌராஷ்டிரர்களின் கைவேலை அது. துணியை நகநுனியால் கிள்ளி, நூலால் இறுக்கிக் கட்டி, சாயத்தில் தோய்த்து, பிறகு முடிச்சை இழுத்துப் பிரிக்கும்போது அந்த இடத்தில் வெள்ளைப் புள்ளி விழுகிறது. 2005இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இப்போது அச்சுப் போட்ட புள்ளிகளும் சுங்குடி என்ற பெயரிலேயே விற்கின்றன. கைக்கட்டுப் புள்ளிகளை அருகில் வைத்துப் பார்த்தால் ஒன்றுபோல் ஒன்று இராது. ஒன்று நீள்வட்டம், ஒன்று சற்றே கோணல், நடுவில் சாயத்தின் ஒரு துளி. அச்சுப் புள்ளியோ எல்லா இடத்திலும் ஒரே அளவு. கைக்கட்டுச் சேலையை வெட்ட எனக்கு மனம் வரவில்லை. இரண்டைத் திரும்ப மடித்து வைத்துவிட்டு, அச்சுப் போட்ட இரண்டைத்தான் எடுத்தேன்.

பழைய சேலையில் கத்தரி வைக்கும் முன் அதைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். குதிகால் பட்டும் தரையில் உரசியும் கீழ்க்கரை நைந்திருக்கும். வெயில் பட்டு முந்தி வெளுத்திருக்கும். ஆனால் இடுப்பைச் சுற்றி உள்ளே போகும் பகுதி பல சேலைகளில் நிறம் மாறாமல் கெட்டியாக இருக்கும். மகளின் இரண்டு கவுன்களும் எனக்கு ஒரு குர்த்தியும் அந்தப் பகுதியிலிருந்துதான் வந்தன. பட்டில் இந்தக் கணக்கு வேறு. ஆண்டுக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடந்த பட்டுச் சேலை மடிப்பு வரியிலேயே இற்றுப்போகும். அதை அறியாமல் மடிப்பு வரி நடுவில் வரும்படி ஒரு பாவாடையை வெட்டிவிட்டேன். மகள் கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தபோது அது நேர்கோடாகக் கிழிந்தது. துண்டு போட்டு மறைத்துக்கொண்டு வீடு வந்தோம்.

லைனிங் துணியை நான் வாங்கி நான்கு வருடங்கள் ஆகின்றன. அப்பாவின் பழைய நாலு முழ வேட்டிகளே அதற்குப் போதும். பலமுறை வெளுத்த வேட்டி இனிச் சுருங்காது, சாயம் போகாது, வியர்வையை இழுக்கும், உடம்பில் உறுத்தாது. ஒரு வேட்டியில் கரையை நீக்கிவிட்டால் இரண்டு ரவிக்கைக்கு லைனிங் தாராளமாக வரும். இந்த ஆறு ஆண்டுகளில் நான் கண்டுகொண்டவற்றுள் மிகவும் பயன்பட்டது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். நீக்கிய கரைகளை எறியாமல் சுருட்டி வைத்தேன். சுருக்குப் பைகளுக்கு நாடாவாக அவை போதுமானவை.

ஆயத்த உடை வாங்கும் முறையும் இதனால் மாறிவிட்டது. தையல் கடையில் தைத்த ரவிக்கையின் பக்கவாட்டில் ஓர் அங்குலமாவது துணி உள்ளே விட்டிருப்பார்கள். பின்னாளில் பிரித்துவிட இடம் இருக்கும். ஆயத்த உடையிலோ தையலை ஒட்டியே ஓவர்லாக் அடித்து மீதியை வெட்டிவிடுவார்கள். சிறியதை வாங்கினால் விரிக்க வழியே இல்லை. ஆகவே தள்ளுபடியில் ஓரளவு பெரியதாகவே எடுத்து, அக்குளிலிருந்து இடுப்புவரை பிடித்துவிட்டு, நீளத்தைக் குறைத்து, வெட்டிய துண்டில் ஒரு பையும் வைத்துவிடுகிறேன். பெண்களுக்கான உடையில் பை வைக்க ஏன் இத்தனை கஞ்சத்தனம் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இனி மெஷினைப் பற்றி. மின்சாரம் வேண்டாதது இதன் பெரிய வசதி. மின்வெட்டுள்ள பிற்பகல்களில் வாசல் திண்ணைப் பக்கம் இழுத்துப் போட்டுத் தைத்திருக்கிறேன். கால் வேகத்துக்கு ஏற்ப ஒவ்வொரு தையலாகவும் நகர்த்தலாம் என்பதால், கற்றுக்கொள்வோருக்கு மோட்டார் மெஷினைவிட இதுவே நல்லது என்பது என் கருத்து. குறைகளும் உண்டு. நேர்த்தையல் மட்டுமே வரும். ஓவர்லாக்குக்கும் காஜாவுக்கும் வெளியில்தான் போக வேண்டும். தோல் பெல்ட் ஆண்டுக்கு ஒருமுறை தளர்ந்து சக்கரத்தில் வழுக்கும். அதை அரை அங்குலம் நறுக்கி, கம்பியை மறுபடி கோத்துக்கொள்ள வேண்டும். துணியின் அடிப்பக்கம் நூல் சுருள்சுருளாக வந்தால் புதியவர்கள் அடிநூல் சுற்றிய பாபினைத்தான் திட்டுவார்கள். பெரும்பாலும் மேல்நூல் சரியாகக் கோக்கப்படாததே காரணம். ஊசியின் தட்டைப் பக்கம் மாறிச் செருகியிருந்தால் தையல் விட்டுவிட்டு விழும். இந்த இரண்டையும் அறியாமல் பழுது பார்ப்பவரை அழைத்து இரண்டு முறை 150 ரூபாய் கொடுத்திருக்கிறேன்.

நூல், கொக்கி, லேஸ் போன்றவற்றுக்கு மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரேயுள்ள புது மண்டபம்தான் முதலில் எனக்குக் கதி. திருமலை நாயக்கர் 17ஆம் நூற்றாண்டில் கட்டிய அந்த மண்டபத்தில், யாளித் தூண்களின் காலடியில் வரிசையாக மெஷின்களைப் போட்டுத் தையற்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். சித்திரைத் திருவிழா நெருங்கினால் அழகருக்கு நேர்ந்துகொண்டு வேடம் தரிப்போரின் பளபளக்கும் உடைகள் அங்கேதான் தயாராகும். மண்டபத்தைச் சீரமைப்பதற்காக அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திர வளாகத்துக்கு மாற்றப்பட்டுவிட்டன. சரக்கு அதேதான், தூண் நிழலில் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு நூற்கண்டாகத் துணியோடு வைத்து நிறம் பார்த்த வசதியை மட்டும் இழந்தேன்.

தோல்விகளையும் எழுதிவிடுகிறேன். பனியன் துணியில் கை வைக்கவே கூடாது: சாதாரண ஊசியில் தையல் விட்டுப்போகிறது, தைத்த இடமும் தலையை நுழைக்கும்போது தெறிக்கிறது. திருப்பூர்ச் சரக்கு மலிவாகக் கிடைக்கும் ஊரில் அதற்கு அவசியமும் இல்லை. ஜீன்ஸின் ஓரத்தில் நான்கு அடுக்கு சேரும் இடத்தில் மிதித்தால் ஊசி உடையும். 18ஆம் எண் ஊசி போட்டு, கைச்சக்கரத்தைச் சுற்றித்தான் கடக்க வேண்டும். பருத்தியை நனைக்காமல் வெட்டியதால், முதல் சலவைக்குப் பிறகு ஒரு குர்த்தி தங்கைக்குப் போனது. துணி ஒட்டிய கம்மல்கள் வியர்வையில் பசை விட்டு, ஒரு வாரத்தில் அட்டையும் துணியுமாகப் பிரிந்தன. சேலைத் துண்டுகளில் எலாஸ்டிக் கோத்துத் தைத்த முடிவளையங்கள் மட்டும் மகளின் வகுப்பு முழுவதும் பரவியிருக்கின்றன.

ஆவணியோடு ஆறு ஆண்டுகள் முடிந்தபோது நோட்டைக் கூட்டினேன். மெஷினும் பழுதும் 5,100. நூல், ஊசி, கத்தரி, எண்ணெய் 2,600. பாழாக்கிய துணி 1,940. ஆகச் செலவு 9,640. தையல் கடைக்குக் கொடுக்காத கூலி, ரவிக்கைகளில் 12,300, ஆல்டர் வேலைகளில் 7,840, ஆக 20,140. மிச்சம் 10,500, மாதத்துக்குப் பிரித்தால் ஏறக்குறைய 146 ரூபாய். என் முதுகுவலிக்கும் ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் இதில் விலை போடவில்லை. அதேபோல, இன்னும் உடுத்திக்கொண்டிருப்பதால் வாங்காமல் விட்ட சட்டைகளும் இதில் சேரவில்லை.

முதன்முதலில் காலர் திருப்பிய அந்த நீலக் கட்டம் போட்ட சட்டை சென்ற மாதம் மறுபக்கமும் நைந்து வந்து சேர்ந்தது. இந்த முறை காலரை முழுவதுமாகப் பிரித்தெடுத்துவிட்டு, கழுத்துப் பட்டியின் திறந்த வாயை மட்டும் மூடித் தைத்தேன். சைனீஸ் காலர் சட்டையாகிவிட்டது. கணவர் அதைப் போட்டுக்கொண்டு தெருமுனையைக் கடந்தபோது மாஸ்டர் அவரை நிறுத்தி, பட்டியை விரலால் தடவிப் பார்த்து, "துணி எந்தக் கடைல எடுத்தீங்க, புதுசா?" என்று கேட்டாராம்.