கடலோர வீட்டின் வெளித்தோற்றம்: செலவு குறைந்த வேலைகளில் எவை நிலைத்தன?

கடலூரில், கடலிலிருந்து அதிகத் தொலைவில்லாத ஒரு தெருவில், 1990களில் கட்டப்பட்ட தளம் போட்ட வீடு எங்களுடையது. 2020ஆம் ஆண்டு மாசி, பங்குனியில் அதன் வெளித்தோற்றத்தைச் சீராக்கச் சில வேலைகளைச் செய்தோம். எதையும் இடிக்கவில்லை, புதிதாக எதையும் கட்டவில்லை. ஒரு பெயிண்டரும் அவருடைய உதவியாளரும் இடையில் சிறிது நேரம் ஒரு கொத்தனாரும் வந்து முடித்துக்கொடுத்த வேலைகள்தாம். அதே ஆண்டு நவம்பரில் நிவர் புயலும், 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலும் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தபோது, இந்த வேலைகள் எல்லாமே ஒருமுறைக்கு இருமுறை சோதிக்கப்பட்டன. எனவே, முடித்த வாரத்தில் எது அழகாக இருந்தது என்பதை விட்டுவிட்டு, இன்றைக்கும் எது நிற்கிறது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

கொடுத்த பணத்துக்கு மிக அதிகப் பலன் தந்தது பெயிண்டே அல்ல என்று சொன்னால் பலரும் நம்புவதில்லை. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து மழைநீர் வெளியேறும் குழாய்கள் எங்கள் வீட்டில் சுவரைவிட்டு நான்கு விரற்கடை மட்டுமே நீண்டிருந்தன. மாடியில் படியும் தூசியையும் பாசியையும் சேர்த்துக்கொண்டு வரும் தண்ணீர், அந்தக் குழாயின் வாயிலிருந்து பின்னோக்கி வழிந்து சுவரிலேயே இறங்கியதால், ஒவ்வொரு குழாய்க்குக் கீழும் தரைவரை ஒரு கறுப்புப் பட்டை விழுந்திருந்தது. வீடு பழையதாகத் தோன்றியதற்கு முக்கால் பங்குக் காரணம் அந்தப் பட்டைகள்தாம். குழாய்களுடன் பிவிசி முழங்கையையும் நீளக்குழாயையும் இணைத்துத் தரைவரை கொண்டுவந்து, கிளாம்ப் அடித்து நிறுத்தினோம். குழாய் ஒன்றுக்கு ஆன செலவு சில நூறு ரூபாய்தான். சன்ஷேட்டுகளின் விளிம்புக்கு அடியில் நீளவாக்கில் ஒரு சிறு காடி வெட்டச் சொன்னதும் இதே நோக்கத்தில்தான். காடி இருந்தால் தண்ணீர் அந்த இடத்திலேயே சொட்டி விழுந்துவிடும். இல்லாவிட்டால் சன்ஷேட்டின் அடிப்பகுதியை ஒட்டியபடியே ஊர்ந்து ஜன்னல் மேல் சுவருக்கு வந்துசேரும். இந்த இரண்டையும் செய்த பிறகு முகப்புச் சுவரில் புதிய கறுப்புப் பட்டை எதுவும் விழவில்லை. ஃபெஞ்சலின்போது ஒரு குழாயின் கிளாம்ப் மட்டும் பிடுங்கிக்கொண்டது. மறுவாரம் நீளமான திருகாணி போட்டுப் பொருத்தினோம்.

பாசி படிந்த சுவருக்கு மேலேயே பெயிண்ட் அடிப்பது எங்கள் பகுதியில் சாதாரணமாக நடக்கிறது, அதன் விளைவும் அடுத்த கார்த்திகையிலேயே தெரிந்துவிடுகிறது. வடகிழக்குப் பருவமழை வடக்குச் சுவரையும் கிழக்குச் சுவரையும்தான் அதிகம் நனைக்கிறது. அந்த மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால், வடக்குச் சுவருக்கு நனைந்ததைக் காயவைக்கும் வெயிலும் கிடைப்பதில்லை. ஆகவே பாசி அந்தப் பக்கத்தில் மீண்டும் மீண்டும் வருவதில் வியப்பில்லை. பிளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் கரைத்துத் தெளியவைத்து, தெளிவை மட்டும் சுவரில் பூசி, அரை மணி நேரம் விட்டு, நார் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுவதே நாங்கள் கடைப்பிடிக்கும் முறை. ஒன்றை மட்டும் வலியுறுத்த வேண்டும்: தரை கழுவும் ஆசிட்டை இதனுடன் எக்காரணம் கொண்டும் கலக்கக் கூடாது, கலந்தால் நச்சான குளோரின் வாயு வெளிப்படும். கழுவும்போது இரும்புக் கிரில்லையும் செடிகளையும் பிளாஸ்டிக் தாளால் மூடிவிடுவதும் அவசியம். பெயிண்ட் அடிக்கவே பணமில்லை என்கிறவர்கள் இந்த ஒன்றை மட்டும் செய்தால்கூட, வீடு ஒரு சுற்றுப் புதிதாகத் தெரியும்.

காம்பவுண்ட் சுவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் கடலோர ஊர்களில் அதிகப் பணம் வீணாவது அங்கேதான். எங்களுக்கும் பக்கத்து வீட்டாருக்கும் பொதுவான சுவர் ஒன்று உண்டு. ஒரே செங்கல், ஒரே பூச்சு, இருபுறமும் ஒரே உப்பு மண். அவர்கள் தங்கள் பக்கத்தில் பட்டி பார்த்து (சுவரைச் சமப்படுத்தும் மாவுப் பூச்சு), பிரைமர் என்ற அடிப்பூச்சு கொடுத்து, விலையுயர்ந்த வெளிப்புற எமல்ஷன் (தண்ணீரில் கலக்கும் பெயிண்ட்) அடித்தார்கள். நாங்கள் எங்கள் பக்கத்தில் கிளிஞ்சல் சுண்ணாம்பு அடித்தோம். இரண்டு மழைக்காலம் முடிவதற்குள் அவர்கள் பக்கத்தில் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குப் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, தொட்டால் பட்டியோடு சேர்ந்து தோலாக உரிந்தது. எங்கள் பக்கத்தில் வெண்ணிறம் மங்கியது, சில இடங்களில் மாவாக உதிர்ந்தது; ஆனால் எங்கும் உரியவில்லை.

காரணம் எளிமையானது. தரையிலுள்ள ஈரத்தைச் செங்கல் உறிஞ்சி மேலே ஏற்றுகிறது. அந்த ஈரத்தோடு உப்பும் ஏறுகிறது. சுவரின் மேற்பரப்பில் தண்ணீர் ஆவியாகிவிட, உப்பு மட்டும் படிகமாகத் தங்கிவிடுகிறது. எமல்ஷன் சுவரின் மேல் ஒரு படலமாக மூடிக்கொள்வதால், அதற்குப் பின்னால் வளரும் உப்புப் படிகங்கள் அந்தப் படலத்தையே வெளியே தள்ளுகின்றன. சுண்ணாம்பிலோ ஈரம் தடையின்றி வெளியேறுகிறது. அதில் பூக்கும் உப்பைக் காய்ந்த துடைப்பத்தால் பெருக்கிவிட்டு மறுபடி ஒரு கை அடித்தால் போதும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து சுவருக்குள்ளேயே திரும்பிவிடும் என்பதால், உப்புப் பூத்த சுவரைக் கழுவுவதை நாங்கள் தவிர்க்கிறோம்.

பொங்கலுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிக்கும் வழக்கத்தின் பொருத்தம் எனக்குப் புரிந்ததும் இந்தச் சுவரால்தான். மார்கழியில் மழை ஓய்ந்திருக்கும், ஆனால் சுவருக்குள் ஈரம் இருக்கும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுக் கால்சியம் கார்பனேட்டாக இறுகுவதற்குச் சிறிது ஈரம் தேவை. நல்ல வெயிலில் அடித்தால் அவசரமாகக் காய்ந்து பொடியாகிவிடும். ஆகவே சுண்ணாம்புக்கு மார்கழி ஏற்ற காலம். அதே மார்கழியில், போகிக்கு முன் முடித்துவிட வேண்டும் என்று எமல்ஷன் அடிப்பவர்கள், சுவருக்குள் இருக்கும் மழையை உள்ளேயே பூட்டி வைக்கிறார்கள். பண்டிகைக்காகப் பெயிண்டர்களும் அந்த மாதத்தில் கிடைப்பதில்லை, கூலியும் கூடுதல். வழக்கத்தைக் கைவிட வேண்டாம். சுண்ணாம்பைப் போகிக்கும் எமல்ஷனை மாசிக்குமாகப் பிரித்துக்கொண்டால் இரண்டும் நிற்கும்.

சுண்ணாம்பு தயாரிப்பதில் சோம்பல் கூடாது. சுட்ட கிளிஞ்சலைத் தண்ணீரில் இட்டால் கொதித்துத் தெறிக்கும் என்பதால் கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் வேண்டும். குழந்தைகள் அந்தப் பக்கம் வரக் கூடாது. ஓரிரவு ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, கொஞ்சம் பசையும் மிகச் சிறிதளவு நீலமும் சேர்த்து, பால் பதத்தில் மெல்லியதாக மூன்று முறை அடிக்க வேண்டும். முதல் முறை அடித்ததும் ஒன்றுமே தெரியாது. காயக் காயத்தான் வெளுக்கும். கெட்டியாக ஒரே முறையில் அடித்து முடிப்பவரின் சுண்ணாம்பு சட்டையில் ஒட்டுவது தவிர வேறெங்கும் ஒட்டாது.

வீட்டின் முகப்புச் சுவருக்கு, அது தரை ஈரத்திலிருந்து உயர்ந்து நிற்பதால், எமல்ஷனையே தேர்ந்தெடுத்தோம். சொரசொரப்பில்லாத சுவரில் ஒரு லிட்டர், இரண்டு கோட்டுக்குச் சேர்த்து, ஏறத்தாழ 50 சதுர அடி வரும் என்ற கணக்கில், 600 சதுர அடிக்கு 10 லிட்டர் வாளி ஒன்றும் 4 லிட்டர் டின் ஒன்றும் வாங்கினோம். கடைசியில் மிஞ்சியதை மூடி வைத்து, பின்னாளில் கீறல்களுக்குப் பயன்படுத்திக்கொண்டோம். நிறம் தேர்வதில் பெயிண்டர் சொன்ன ஆலோசனை இன்றைக்கு மெய்யாகியிருக்கிறது: பளிச்சென்ற ஊதா, இளஞ்சிவப்பு, எலுமிச்சை மஞ்சள் போன்றவை மேற்கு வெயிலில் சீக்கிரம் வெளிறும். காவி, செங்கல், மண் மஞ்சள், பழுப்பு போன்றவை இரும்பு ஆக்சைடு நிறமிகளால் ஆனவை என்பதால் வெளிறுவது மிகக் குறைவு. தெருவில் எங்களுக்குப் பின்னர் கத்திரிப்பூ நிறம் அடித்த வீடு இப்போது சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டது. நாங்கள் சுவருக்கு வெளிர் சந்தன நிறமும், பேஸ்மட்டத்துக்கு அடர்ந்த காவி நிறமும் கொடுத்தோம். பழைய திண்ணை வீடுகளின் அடியில் காவிப்பட்டை அடித்ததற்கு அழகு மட்டும் காரணமாக இருந்திருக்காது. மழைத்துளி தரையில் பட்டுத் தெறிக்கும் செம்மண் அந்தப் பட்டையில் கண்ணுக்கே தெரிவதில்லை.

கேட்டைப் பற்றிச் சொல்வதற்கு இனிமையான செய்தி குறைவு. கடல் காற்றுள்ள ஊரில் இரும்பு கேட்டுக்கு ஒருமுறை செய்துவிட்டு மறந்துவிடக்கூடிய வேலை என்று எதுவும் கிடையாது. கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் துருவை முழுமையாக எடுத்து, அன்றைக்கே ரெட் ஆக்சைடு பிரைமர் கொடுத்து, அதன் மேல் இரண்டு மெல்லிய கோட் எனாமல் அடித்தோம். தேய்த்த இரும்பை ஒரே இரவு திறந்து போட்டால்கூட உப்புக் காற்றில் மறுநாள் காலை மீண்டும் செம்மை படர்ந்துவிடும். பொருளுக்கு ஆன செலவு 1,500 ரூபாய்க்குள். முதல் ஆண்டு புதிதாகவே இருந்தது. மூன்றாம் ஆண்டில் கீழ்ச்சட்டத்தின் வெல்டிங் மூட்டுகளில் துரு தொடங்கியது. காரணத்தை வெல்டர்தான் கண்டுபிடித்தார்: உள்ளீடற்ற சதுரக் குழாய்க்குள் இறங்கிய மழைநீர் வெளியேற வழியின்றி அங்கேயே தங்கியிருந்தது. சட்டத்தின் அடியில் இரண்டு சிறு துளைகள் போட்ட பிறகு நிலைமை மேம்பட்டிருக்கிறது. மீண்டும் செய்யும்போது, ரெட் ஆக்சைடுக்குப் பதிலாக எபாக்ஸி பிரைமர் போடலாம் என்றிருக்கிறோம். விலை கூடுதல்தான், ஆனால் கூலி இரண்டுக்கும் ஒன்றுதான்.

பெயர்ப்பலகையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் எழுத்துகள் வேண்டுமென்று வீட்டில் ஒரு கருத்து இருந்தது. வழக்கமாகக் கடைகளில் கிடைக்கும் 304 தரம் கடலோரத்தில் பழுப்புப் புள்ளிகள் பூக்கும், 316 தரம் தாங்கும், அதன் விலை நம் நோக்கத்துக்குப் பொருந்தாது. கறுப்பு கிரானைட்டில் வெட்டி, எழுத்துக்கு வெள்ளைப் பெயிண்ட் நிரப்பியது இன்றும் ஈரத்துணியால் துடைத்தால் புதிதாகிறது.

செடிகளில் காகிதப்பூவும் அரளியும் உப்புக் காற்றை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. காகிதப்பூவைத் தொட்டியிலேயே வைத்து, தண்ணீரைக் குறைத்துக் கொடுத்தால்தான் நன்றாகப் பூக்கிறது. அதிகம் ஊற்றினால் இலையாகத் தழைக்கும். அரளியின் எல்லாப் பாகமும் நஞ்சு என்பதால், ஆடு மாடு வாய் வைக்கும் தெருவோரத்தைத் தவிர்த்து உட்புறம் நட்டோம். சுவரில் ஒட்டிப் படரும் கொடி வகைகள் படத்தில் அழகாகத் தெரியும். ஆனால் அவற்றின் வேர்கள் பெயிண்டைப் பிடித்துக்கொள்வதால், பிடுங்கும் நாளில் பெயிண்டும் சேர்ந்தே வரும். அதைவிடக் கவனிக்க வேண்டியது கைப்பிடிச் சுவரின் வெடிப்பில் தானாக முளைக்கும் அரசங்கன்று. மேலே கிள்ளி எறிந்தால் வேர் தடித்துக்கொண்டேயிருக்கும். இளசாக இருக்கும்போதே வேரோடு எடுத்து, வெடிப்பைச் சிமெண்ட் கலவையால் அடைத்துவிட வேண்டும்.

நிலைக்காதவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பாதையோரம் ஊன்றிய மலிவான சோலார் விளக்குகள் இரண்டாம் ஆண்டில் அந்தி சாய்ந்து சிறிது நேரத்திலேயே அணையத் தொடங்கின; உள்ளிருக்கும் சிறிய பேட்டரியின் ஆயுள் அவ்வளவுதான். செயற்கைப் புல் விரிப்பு வெயிலில் விறைத்து, இழை இழையாக உதிர்ந்து வடிகாலை அடைத்தது. கல் போன்ற தோற்றம் தரும் ஒட்டுத்தாளின் ஓரங்கள் முதல் மழையிலேயே சுருண்டன. இவற்றுக்குக் கொடுத்த மொத்தப் பணத்தில் வாசலுக்கு மழைபுகாத ஒரு நல்ல சுவர் விளக்கை வாங்கி, மஞ்சள் ஒளி தரும் எல்இடி பல்பைப் பொருத்தியிருக்கலாம். பின்னர் அதைத்தான் செய்தோம்.

அதே வாரத்தில், முகப்பின் குறுக்கே தொங்கிக்கொண்டிருந்த கேபிள் டிவி வயரையும் இணைய வயரையும் ஒரே பிவிசி பைப்புக்குள் செலுத்தி, சன்ஷேட்டின் அடியோடு கொண்டுசென்று, சுவர் நிறத்தையே அந்தப் பைப்புக்கும் அடித்தோம். எலெக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலை. பயன்பாடில்லாத பழைய டிஷ் ஆன்டெனாவையும் அவரே கழற்றிக்கொடுத்தார். வந்தவர்களில் பலர் மறுபடியும் பெயிண்ட் அடித்தீர்களா என்று கேட்டது இதற்குப் பிறகுதான்.

இப்போது மிச்சமிருப்பது பொதுச்சுவர்தான். எங்கள் பக்கத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டாரும் முழங்கால் உயரம்வரை பட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக்கு மாற ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மேலே எமல்ஷன், கீழே சுண்ணாம்பு என்றால் நிறம் இரண்டாகத் தெரியுமே என்பது அவர்களுடைய தயக்கம். இரண்டும் சந்திக்கும் இடத்தில் காவி நிறத்தில் இரண்டு விரற்கடை அகலத்துக்கு ஒரு பார்டர் இழுத்துத் தருவதாகப் பெயிண்டர் சொல்லியிருக்கிறார். மார்கழியில் சுண்ணாம்பு வேலையை வைத்துக்கொள்வதாகத் திட்டம்.