கிளைகள் கூடியும் முகங்கள் மாறாத ஒரு சூப்பர் மார்க்கெட்

நான் வீட்டுச் சாமான் வாங்கும் சூப்பர் மார்க்கெட் இப்போது இன்னொரு கிளை திறந்திருக்கிறது. அதையொட்டி, நெடுங்காலமாக வேலை பார்க்கும் ஊழியர்களைக் கௌரவிக்க ஒரு விழாவும் நடத்தினார்கள். வழக்கமாக வரும் வாடிக்கையாளர்கள் சிலரையும் கூப்பிட்டிருந்தார்கள். நானும் அம்மாவும் போயிருந்தோம். பழைய கடை, விழா, புதிய கிளை மூன்றையும் பற்றி எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கடையை மனதாரச் சிபாரிசு செய்கிறேன். காரணம், அங்கே வேலை செய்கிறவர்கள்.

பில் போடும் அக்காவிடமிருந்து தொடங்கலாம். அம்மாவுக்குப் பார்வை கொஞ்சம் மங்கல். ஒருநாள் சோப்புத்தூள் பாக்கெட்டை ஸ்கேன் செய்யக் கையில் எடுத்த அந்த அக்கா, அப்படியே நிறுத்தி, "அம்மா, நீங்க எப்பவும் வாங்குறது இது இல்லையே, மாத்தி எடுத்துட்டீங்களா?" என்று கேட்டார். மாறித்தான் வந்திருந்தது. பாக்கெட்டின் நிறமும் அளவும் அச்சு அசல் ஒன்றுபோல இருந்தாலும் அது வாஷிங் மெஷினுக்கானது. அம்மா கையால் துவைக்கிறவர். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தும் ஒரு பையனைக் கூப்பிட்டு மாற்றி எடுத்துவரச் சொல்லிவிட்டு, அதுவரை மற்ற பொருட்களுக்குப் பில் போட்டுக்கொண்டிருந்தார். பையன் வந்து சேர்வதற்கும் கடைசிப் பொருள் முடிவதற்கும் சரியாக இருந்தது. யாருடைய நேரமும் வீணாகவில்லை.

யார் எதை வாங்குவார்கள் என்பது கம்ப்யூட்டரிலும் பதிவாகிறது, உண்மைதான். ஆனால் கம்ப்யூட்டர் அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்காது. ஒரே கவுண்ட்டரில் பல வருடம் நின்ற ஒருவருக்குத்தான் அப்படிக் கேட்கத் தோன்றும்.

அவர் கை வேலையையும் நின்று பார்த்திருக்கிறேன். பார்கோடின் 13 இலக்கங்களில் கடைசி இலக்கம் முந்தைய 12-ஐயும் வைத்துக் கணக்கிடப்படுவது. உறை கசங்கி ஸ்கேனர் படிக்காவிட்டால் எண்களைக் கையால் அடிக்க வேண்டும், ஒரு இலக்கம் தப்பினாலும் மிஷின் ஏற்காது. அந்த அக்கா உறையை இரண்டு கட்டைவிரலாலும் இழுத்து நீவி, சற்றே சாய்த்துக் காட்டுவார். பெரும்பாலும் அதிலேயே படித்துவிடும். எண் அடிக்கும் வேலையே மிச்சம். சில்லறையாக நிறுத்துப் போடும் காய்கறிகளுக்குத் தனிக் குறியீட்டு எண் உண்டு. அவர் பட்டியலைத் திருப்பி நான் பார்த்ததில்லை.

கடைப் பொருட்களில் இன்று நாம் பார்க்கும் வகைப் பார்கோடு முதன்முதலாக ஸ்கேன் ஆனது 1974 ஜூன் 26 அன்று, அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் டிராய் என்ற ஊரில், மார்ஷ் சூப்பர் மார்க்கெட்டில். பொருள் ஒரு சூயிங்கம் பாக்கெட். அதை ஸ்கேன் செய்த காசாளர் ஷாரன் புக்கானன். ஒரு மிஷினின் வரலாற்றில் அதைக் கண்டுபிடித்தவர்களோடு, கவுண்ட்டரில் நின்றவரின் பெயரும் நிலைத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

அப்புறம் குளிர்பதனப் பகுதி. அங்கே ஒரு அண்ணன் இருக்கிறார். புது சரக்கு வந்ததும் பால் பாக்கெட்டுகளை அப்படியே முன்னால் அடுக்கிவிட்டால் வேலை சீக்கிரம் முடியும். அவர் தட்டில் இருப்பதை முழுக்க வெளியே எடுத்து, தேதி அச்சிட்ட இடத்தை விரலால் துடைத்துப் படித்து, புதியதைப் பின்னால் தள்ளி, முதலில் காலாவதியாகப் போவதை முன்னால் வைப்பார். முதலில் காலாவதியாவது முதலில் போக வேண்டும் என்பது சூப்பர் மார்க்கெட்டுகளில் பொதுவான விதி. அதைக் கடைப்பிடிப்பவர் ஒருவர் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி. உறைந்த பொருட்கள் மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டும். ஃப்ரீசரின் வெப்பநிலையைப் பார்த்துச் சுவரில் மாட்டிய தாளில் அவர் எழுதுவதையும் கவனித்திருக்கிறேன். முன்பு நான் போய்க்கொண்டிருந்த இன்னொரு கடையில் இதே தாள் மாட்டியிருக்கும், காலியாக. அங்கே ஆட்கள் நிலைக்கவே மாட்டார்கள். எது எங்கே இருக்கிறது என்று கேட்டால் அங்கே நிற்கிற பையனுக்கும் தெரியாது. தேதி தாண்டிய தயிர் வீடு வந்து சேர்ந்த பிறகு அந்தக் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டேன்.

சூப்பர் மார்க்கெட்டில் ஊழியர்கள் நம் கண்ணில் படாமல் போவதற்கு ஒரு காரணம் உண்டு. 1916-இல் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் வாடிக்கையாளரே பொருளை எடுத்துக்கொள்ளும் பிக்லி விக்லி கடையைத் திறக்கும்வரை, மளிகை வாங்குவது என்றால் பெரும்பாலும் பட்டியலைச் சொல்லிவிட்டுக் காத்திருப்பதுதான். கடைக்காரரே எடுத்துத் தருவார். நாமே கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே சுற்ற ஆரம்பித்த பிறகு, கடையாளோடு பேச வேண்டிய அவசியம் கவுண்ட்டரோடு முடிந்துவிட்டது. அடுக்குகிறவர், இறக்குகிறவர், துடைக்கிறவர் எல்லோரும் நாம் இல்லாத நேரத்தில் வேலையை முடித்துவிடுகிறார்கள்.

அதனால்தான் விழாவின் ஆரம்பம் எனக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது. கடை திறப்பதற்கு முன்பே, பில் கவுண்ட்டர்களுக்கு முன்னால் நாற்காலி போட்டு நடத்தினார்கள். முதலில் மேடைக்குக் கூப்பிட்டது குடோனில் சரக்கு இறக்கும் பெரியவரை. மேனேஜர் அவர் பெயரையும் வருடக் கணக்கையும் வாசித்துவிட்டு நிறுத்தவில்லை. வண்டி வந்ததும் எதை முதலில் இறக்குவார், குளிர்ப் பொருள் வெயிலில் ஒரு நிமிடம்கூட நிற்காமல் எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று அவர் வேலையை விவரித்தார். பெரியவர் கூப்பிய கையை இறக்கவே இல்லை. பில் போடும் அக்கா மேடை ஏறியபோது அம்மா எழுந்து நின்று கைதட்டினார். பக்கத்திலிருந்தவர்களும் எழுந்தார்கள்.

விற்பனை வளர்ச்சி பற்றிய உரை மட்டும் நீளம். திரையில் வரைபடங்களாகக் காட்டிக்கொண்டே போனார்கள். பாராட்டு வாங்க வந்தவர்கள் கால் மாற்றி நின்றுகொண்டிருக்கையில் அது தேவையில்லை.

புதிய கிளையைப் பார்த்தபோது அந்த வரைபடங்களைவிடத் தெளிவான பதில் கிடைத்தது. அங்கே மளிகைப் பிரிவைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்பவர், பழைய கடையில் நமக்குப் பை கட்டித்தந்த தம்பி. எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. "வாங்க சார், அம்மா வரலையா?" என்றான். பழைய கடையிலிருந்து வந்த அனுபவசாலிகள் ஒவ்வொரு பிரிவிலும் இருக்கிறார்கள். புதுப் பிள்ளைகள் அவர்கள் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்கிறார்கள். ஒரு பெண், கண்ணாடிப் பாட்டில்களுக்கு நடுவே அட்டை வைத்து அடுக்குவது எப்படி என்று இன்னொரு பெண்ணுக்குப் பொறுமையாகச் செய்து காட்டிக்கொண்டிருந்தார். கட்டடத்தையும் ரேக்கையும் பணம் இருந்தால் வாங்கிவிடலாம், இந்தப் பழக்கத்தைப் பழைய கடையிலிருந்து ஆட்களோடுதான் கொண்டுவர முடியும்.

இது பெரிய அளவிலும் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் பப்ளிக்ஸ் நிறுவனத்தை 1930-இல் ஃப்ளோரிடாவில் தொடங்கிய ஜார்ஜ் ஜென்கின்ஸ், அதற்கு முன் பிக்லி விக்லி கடை ஒன்றில் மேனேஜராக இருந்தவர். இன்று 1,300-க்கும் அதிகமான கிளைகள் உள்ள அந்த நிறுவனத்தின் பங்குகள் சந்தையில் கிடைக்காது. ஊழியர்களும் இயக்குநர்களும்தான் வாங்கலாம். 1980-இல் அங்கே பை கட்டித்தரும் வேலையில் சேர்ந்த டாட் ஜோன்ஸ் 2016-இல் தலைமைச் செயல் அதிகாரி ஆனார். அதே நாட்டில் மார்க்கெட் பாஸ்கெட் என்ற சூப்பர் மார்க்கெட் நிறுவனத்தில், 2014-இல் தலைவர் ஆர்தர் டி. டிமூலாஸ் நீக்கப்பட்டபோது, ஊழியர்கள் வாரக்கணக்கில் போராடினார்கள். ரேக்குகள் காலியாகின, வாடிக்கையாளர்களும் அவர்களோடு சேர்ந்து கடையைப் புறக்கணித்தார்கள். ஆகஸ்டு இறுதியில் அவர் திரும்ப வந்தார். முதலாளிக்காகத் தொழிலாளி வேலையைப் பணயம் வைத்தது அபூர்வம். தங்களை அந்த மனிதர் எப்படி நடத்தினார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இனி குறைகள். கடை நன்றாக இருக்க வேண்டும் என்பதால்தான் சொல்கிறேன். பழைய கடையில் பில் கவுண்ட்டருக்குப் பின்னால் உயரமான நாற்காலி போட்டிருக்கிறார்கள், புதிய கிளையில் ஒன்றுகூட இல்லை. ஜெர்மனியைச் சேர்ந்த ஆல்டி என்ற சூப்பர் மார்க்கெட் கடைகளில் காசாளர்கள் உட்கார்ந்தபடியேதான் பில் போடுகிறார்கள், வேகத்துக்கும் பெயர் வாங்கியிருக்கிறார்கள். ஆகவே உட்கார்ந்தால் வேலை தாமதமாகும் என்ற வாதம் நிற்காது. நாள் முழுக்க நின்றால் காலும் இடுப்பும் என்னாகும் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

மாலையில் புதிய கிளையில் கூட்டத்துக்கு ஆள் போதவில்லை. இரண்டு கவுண்ட்டர்தான் ஓடுகிறது, பை கட்ட ஆளில்லாமல் காசாளரே எல்லாம் செய்கிறார். காலையில் போகிறவர்களுக்கு இந்தச் சிரமம் இல்லை.

பரிசாகக் கேடயமும் கடையின் பெயர் போட்ட பையும் கொடுத்தார்கள். நல்லதுதான். அதோடு சம்பளத்தோடு சில நாள் விடுப்பும் சேர்த்திருந்தால், பண்டிகை நாளெல்லாம் நமக்காக நின்றவர்கள் வீட்டாரோடு இருந்திருப்பார்கள்.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது வேறு. தரை துடைக்கும் அம்மாவும் வாசலில் நிற்கும் செக்யூரிட்டி ஐயாவும் மேடைக்கு அழைக்கப்படவில்லை. அவர்கள் கான்ட்ராக்ட் ஆட்கள், நம் ரிஜிஸ்டரில் வரமாட்டார்கள் என்றார் மேனேஜர். எண்ணெய் பாட்டில் உடைந்து சிதறிய அன்று, யாரும் வழுக்கி விழக்கூடாது என்று ட்ராலியைக் குறுக்கே நிறுத்திக்கொண்டு, கண்ணாடித் துண்டுகளைக் குனிந்து பொறுக்கியது அந்த அம்மாதான். கடைக்கு வருகிற நமக்கு எந்த ரிஜிஸ்டரில் யார் பெயர் என்பது தெரியாது. நான் இதைச் சொன்னபோது மேனேஜர் மறுக்கவில்லை. "நீங்க சொல்றது சரிதான் சார், எழுதிக் குடுங்க, மேல அனுப்புறேன்" என்றார். கவுண்ட்டரில் பேப்பர் வாங்கி, அம்மாவும் நானுமாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம். நாற்காலி விஷயத்தையும் அதிலேயே சேர்த்திருக்கிறோம்.