பொத்தானை இடம் மாற்றாதவர்கள்: லினக்ஸ் மின்ட் பற்றி

ஒரு இயங்குதளம் நல்லதா கெட்டதா என்று பார்க்க என்னிடம் ஒரே ஓர் அளவுகோல்தான் இருக்கிறது: அப்டேட் போட்ட மறுநாள் எனக்கு எத்தனை போன் வருகிறது? கணக்கு எழுதுவது என் தொழில். கம்ப்யூட்டர் பார்ப்பது சொந்தக்காரர்கள் என் தலையில் கட்டிய தொழில். யாருடைய லேப்டாப் படுத்துக்கொண்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அக்கா, சித்தப்பா, மாமியார் என்று பலருடைய பழைய மெஷின்களில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்த பிறகு போன் வெகுவாகக் குறைந்துவிட்டது. வருகிற ஒன்றிரண்டும் பிரின்டரில் பேப்பர் சிக்கிக்கொண்ட ரகம்தான்.

மின்ட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் "விண்டோஸ் மாதிரியே இருக்கும்" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். கீழே ஒரு பட்டை, இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம். சரிதான். ஆனால் விண்டோஸே 11ஆம் பதிப்பில் ஸ்டார்ட் பொத்தானை நடுவுக்கு நகர்த்திவிட்டது. மின்ட் இன்னும் மூலையிலேயே வைத்திருக்கிறது. அது சோம்பேறித்தனம் இல்லை. அந்த மூலையைக் காப்பாற்ற அவர்கள் ஒரு முழு டெஸ்க்டாப்பையே, அதாவது பட்டை, மெனு எல்லாம் அடங்கிய திரை முகப்பையே, எழுத வேண்டியிருந்தது.

கிளெமென்ட் லெஃபெவ்ர் என்ற பிரெஞ்சுக்காரர் அயர்லாந்தில் இருந்துகொண்டு 2006இல் இதைத் தொடங்கினார். முதல் பதிப்பின் பெயர் 'அடா'. உபுண்டு என்ற பிரபல லினக்ஸின் ஒரு வகையான குபுண்டுவை அடிப்படையாக வைத்துச் செய்தது. பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. அதே வருடக் கடைசியில் வந்த 'பார்பரா' உபுண்டுவுக்கு மாறியது. அன்றிலிருந்து பதிப்புகளுக்கெல்லாம் 'ஆ' சத்தத்தில் முடியும் பெண் பெயர்கள், ஆங்கில அகர வரிசையில். 2024இல் 22ஆம் பதிப்பு 'வில்மா', அடுத்து 22.1 'ஷியா', 22.2 'ஜாரா' என்று எழுத்துகளே தீர்ந்துபோகும் நிலைக்கு வந்துவிட்டார்கள்.

அந்தக் காலத்தில் லினக்ஸ் நிறுவியவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். எல்லாம் போட்டு முடித்து, ஆசையாக ஒரு எம்பி3 பாட்டைச் சொடுக்கினால் பாடாது. காப்புரிமைச் சிக்கலுக்குப் பயந்து பெரும்பாலான வினியோகங்கள் (உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ் தொகுப்புகள்) பாட்டையும் வீடியோவையும் ஓடவைக்கும் கோடெக்குகளைச் சேர்க்காது. மின்ட் அவற்றை முன்கூட்டியே போட்டுக் கொடுத்தது. பாட்டு பாடியது, வீடியோ ஓடியது. மின்ட்டுக்கு முதலில் ஆள் சேர்ந்தது இதற்காகத்தான். பிறகு 18ஆம் பதிப்பிலிருந்து கோடெக்குகளைத் தனியே ஒரு தேர்வாக வைத்துவிட்டார்கள். நிறுவும்போது ஒரு கட்டத்தை டிக் அடித்தால் போதும்.

உண்மையான திருப்பம் 2011. மின்ட்டும் உபுண்டுவும் பயன்படுத்திய க்னோம் டெஸ்க்டாப்பின் புதிய பதிப்பான க்னோம் 3 அந்த ஏப்ரலில் வந்தது. கீழ்ப்பட்டையைக் காணோம், பழைய மெனுவைக் காணோம். அதே மாதம் உபுண்டு தன் பழைய முகப்பைக் கழற்றிவிட்டு யூனிட்டி என்ற தன் சொந்த முகப்பைப் போட்டது. இரண்டுமே தொடுதிரைக் கனவில் செய்யப்பட்டவை என்பது என் அபிப்பிராயம். மவுஸும் கீபோர்டும் வைத்துக் காலையிலிருந்து மாலை வரை உட்காருகிறவர்கள் தவித்துப்போனார்கள். மின்ட் 11 பழைய க்னோம் 2-இலேயே நின்றது. ஆனால் எத்தனை நாள் நிற்க முடியும்? அடியில் இருக்கும் மரத்தையே வெட்டிவிட்டார்களே.

நவம்பரில் வந்த மின்ட் 12-இல் இரண்டு வழிகளை முயன்றார்கள். ஒன்று, க்னோம் 3-இன் மேல் நீட்சிகளைப் போட்டுப் பட்டையையும் மெனுவையும் ஒட்டவைப்பது. இன்னொன்று, க்னோம் 2-இன் நிரலை அப்படியே பிரித்தெடுத்துத் தொடரும் மேட் டெஸ்க்டாப்பைச் சேர்ப்பது. ஒட்டுவேலை ரொம்ப நாள் தாங்காது என்று அவர்களுக்கே தெரிந்திருக்க வேண்டும். சில வாரங்களிலேயே க்னோம் 3-இன் முகப்பான க்னோம் ஷெல்லின் நிரலைப் பிரித்தெடுத்துத் தாங்களே ஒன்றை எழுதத் தொடங்கினார்கள். அதுதான் சினமன். 2012 மே மாதம் மின்ட் 13-இல் அது முறையாகக் குடியேறியது. கோப்பு மேலாளரையும் நெமோ என்று தனியாகப் பிரித்துக்கொண்டார்கள். 2013இல் வந்த சினமன் 2.0 க்னோமைச் சார்ந்திராத தனி டெஸ்க்டாப் ஆகிவிட்டது.

சின்னக் குழு ஒன்று இவ்வளவு வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டது எதற்கு? பயனர் நேற்று எங்கே சொடுக்கினாரோ இன்றும் அங்கேயே சொடுக்கட்டும் என்பதற்கு. புதுமை என்ற பெயரில் ஒன்றைக் கொண்டுவர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இருப்பதை இருக்கவிடுவதற்கு இவ்வளவு உழைத்தவர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. 2014இல் 17ஆம் பதிப்பிலிருந்து நீண்டகால ஆதரவு உள்ள உபுண்டு பதிப்புகளை மட்டுமே அடித்தளமாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு முறை போட்டால் ஐந்து வருடம். இப்போதைய 22 வரிசைக்கு 2029 ஏப்ரல் வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு.

அப்டேட் மேலாளரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒரு கேடயம் இருக்கும். ஏதாவது வந்திருந்தால் அதில் ஒரு புள்ளி தெரியும். அவ்வளவுதான். தானாக ரீஸ்டார்ட் ஆகாது, "இன்றிரவு பொருத்தட்டுமா" என்று நச்சரிக்காது. முன்பு ஒவ்வொரு அப்டேட்டுக்கும் 1 முதல் 5 வரை ஆபத்து மதிப்பெண் போட்டு, 4, 5 மதிப்பெண் வாங்கியவற்றை மறைத்து வைத்தார்கள். அப்படி மறைக்கப்பட்டவற்றில் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் பாதுகாப்புத் திருத்தங்களும் இருந்தன. அதற்காக நன்றாகவே வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். நியாயமான திட்டுதான். 2018இல் 19ஆம் பதிப்பில் கொள்கையை மாற்றினார்கள்: எல்லா அப்டேட்டும் போடு, ஆனால் அதற்கு முன் டைம்ஷிஃப்ட்டை ஓடவிடு.

டைம்ஷிஃப்ட் என்பது கணினியின் இன்றைய நிலையை அப்படியே பிடித்து வைக்கும் கருவி. சித்தப்பாவின் லேப்டாப்பில் ஒரு கிராபிக்ஸ் டிரைவரை மாற்றிய பிறகு திரை கறுப்பாகவே நின்றது. "டேய், போச்சா எல்லாம்?" என்றார். பென்டிரைவில் இருக்கும் மின்ட்டிலிருந்து பூட் செய்து, டைம்ஷிஃப்ட்டைத் திறந்து, பட்டியலில் முந்தைய நாள் பதிவைத் தேர்ந்தெடுத்து 'மீட்டெடு' கொடுத்தேன். வரிவரியாக ஏதோ ஓடியது. ரீஸ்டார்ட் செய்ததும் பழைய டிரைவரோடு, பழைய வால்பேப்பரோடு எழுந்து நின்றது. டிரைவர் மாற்றிய பிறகு அவர் தட்டிவைத்த கடிதமும் பத்திரமாக இருந்தது, ஏனென்றால் சொந்தக் கோப்புகளை டைம்ஷிஃப்ட் வழக்கமாகத் தொடுவதில்லை. இதையே மறுபக்கமாகவும் புரிந்துகொள்ள வேண்டும். ஹார்டு டிஸ்க் செத்தால் போட்டோக்களை அது காப்பாற்றாது; அதற்குத் தனி பேக்கப் வேண்டும்.

மின்ட்டின் வரலாற்றில் அழுக்கான நாளும் ஒன்று உண்டு. 2016 பிப்ரவரி 20 அன்று அவர்களுடைய இணையதளத்துக்குள் யாரோ புகுந்து, 17.3 சினமன் பதிப்பின் தரவிறக்க இணைப்பை மாற்றிப் பின்கதவு (திருட்டுத்தனமாக உள்ளே நுழையும் வழி) வைத்த ஐ.எஸ்.ஓ. என்ற நிறுவல் கோப்புக்குத் திருப்பிவிட்டார்கள். விவாத மன்றத்தின் பயனர் தரவும் திருடு போனது. லெஃபெவ்ர் அதை மறைக்கவில்லை. உடனே வெளியே சொல்லி, எப்படிச் சரிபார்ப்பது என்றும் எழுதினார். அந்தச் சம்பவத்தைப் படித்த நாளிலிருந்து ஐ.எஸ்.ஓ. இறக்கியதும் செக்சம் (கோப்பு மாறாமல் வந்திருக்கிறதா என்று காட்டும் குறியீடு) பார்க்காமல் நான் பென்டிரைவில் ஏற்றுவதில்லை. நீங்களும் பாருங்கள், ஒரு நிமிட வேலைதான்.

அப்புறம் ஸ்னாப் சண்டை. ஸ்னாப் என்பது மென்பொருள்களை நிறுவ உபுண்டுக்காரர்கள் செய்த தனி வழி. உபுண்டு 20.04-இல் குரோமியம் உலாவியை வழக்கமான வழியில் நிறுவச் சொன்னால், கேட்காமலே ஸ்னாப் கடையை உள்ளே இழுத்து அதன் வழியாகப் போடும். அடித்தளமாக நம்பியிருக்கும் உபுண்டுவோடு மோத வேண்டிய கட்டாயம் மின்ட்டுக்கு. 2020இல் மின்ட் 20-இல் ஸ்னாப்பைத் தடுத்துவிட்டார்கள். தடுப்பது ஒரே ஒரு சின்ன அமைப்புக் கோப்புதான். வேண்டுமென்றால் நீங்களே அதை நீக்கிவிட்டு ஸ்னாப் போட்டுக்கொள்ளலாம். குரோமியத்தைத் தாங்களே தொகுத்துத் தருகிறார்கள். உபுண்டுவே ஒரு நாள் கைவிட்டால்? அதற்கும் 2010இலிருந்து, உபுண்டுவுக்கே அடித்தளமான டெபியனை நேரடி அடித்தளமாகக் கொண்ட தனிப்பதிப்பு ஒன்றைப் பக்கத்திலேயே வளர்த்துவருகிறார்கள்.

குறைகள்? இருக்கின்றன. நேற்று வாங்கிய மெஷினில் வைஃபை சிப் புதியதாக இருந்தால், மின்ட்டோடு வரும் கெர்னலுக்கு அதை அடையாளம் தெரியாமல் போகலாம். திரையில் ஜன்னல்களைக் காட்டும் புதிய முறையான வேலண்டுக்கு ஆதரவு 21.3-இல்தான் சோதனை அளவில் எட்டிப் பார்த்தது. மற்ற டெஸ்க்டாப்புகள் அதில் எங்கேயோ போய்விட்டன. ஒரு திரை அதிக நுணுக்கமாகவும் மற்றொன்று சாதாரணமாகவும் வைத்து வேலை செய்கிறவர்களுக்கு எழுத்தின் அளவை ஒத்துப்போகச் செய்வது தலைவலி. குறிப்பிட்ட ஒரு விண்டோஸ் மென்பொருளை நம்பிப் பிழைப்பவர்கள் அதை விட்டுவிட்டு வர முடியாது. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் வைன் சில சமயம் கைகொடுக்கும், சில சமயம் கைவிரிக்கும்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டதால் இப்போது பலர் பழைய மெஷினை என்ன செய்வது என்று கேட்கிறார்கள். 4 ஜிபி ரேமும் ஒரு எஸ்.எஸ்.டி.யும் இருந்தால் சினமன் போடலாம். 2 ஜிபிதான் என்றால் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப் உள்ள பதிப்பு. அதிலும் உலாவியில் நாலைந்து தாவல்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முதலில் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, மூடித் திறந்தால் திரை எழுந்திருக்கிறதா என்று சோதியுங்கள். பிரின்டர் இருந்தால் ஒரு பக்கம் அச்சடித்தும் பார்த்துவிடுங்கள். முக்கியமான கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்த பிறகு, திரையில் இருக்கும் நிறுவும் ஐகானைச் சொடுக்கினால் போதும்.